நாலாம் செட்டைக்குப் போட்ட பெரிய வாசர்

என் தங்கை மகன் கஜன் கனடாவில் தன் வீட்டுக் கராஜுக்குள் விமானம் கட்டுகிறான். விளையாட்டுச் சாமான் என்று நினைக்க வேண்டாம். இரண்டு பேர் ஏறிப் பறக்கிற உண்மையான விமானம். பெட்டி பெட்டியாகத் தகடும் போல்ட்டும் வரவழைத்து, நாலு வருடமாக, வேலை முடிந்து வந்து பின்னேரங்களில் கட்டுகிறான். சின்ன வயதில் பொம்பர் சத்தத்துக்குப் பங்கருக்குள் பாய்ந்து முழங்காலை உடைத்துக்கொண்டவன். உனக்குக் கட்டுவதற்கு வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா என்று தாய்க்காரி ஏசியதில் நியாயம் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் படம் தெரிய அழைப்பு எடுத்தான். அன்றைக்குத்தான் விமானத்தின் இறக்கை, எங்கள் பேச்சில் செட்டை, இரண்டையும் பூட்டி முடித்திருந்தான். முன்பக்கத் துளைகள் கொம்பனியிலேயே போட்டு வருமாம். பின்பக்கத் துளையை மட்டும், செட்டையை நேர்பிடித்த பிறகு, கட்டுகிறவன் தன் கையால் போட வேண்டுமாம். போட்டால் போட்டதுதான், அடைக்கிற கதை இல்லை. தூக்குக்குண்டு தொங்கவிட்டதையும், நூல் பிடித்ததையும், வாலிலிருந்து இரண்டு செட்டை நுனிக்கும் தூரம் ஒன்றாக வந்ததையும் ஒவ்வொன்றாகக் காட்டினான். எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. எல்லாம் நான் செய்த வேலை. ஊரும் சாமானும்தான் வேறு.

பிறகு பின்பக்கத்துப் போல்ட்டைக் காட்டினான். வலது பக்கத்தில், போல்ட்டுக்கு அடியில் வைக்கிற வட்டத் தகடு, சின்ன வாசர். இடது பக்கத்தில் அதைவிடப் பெரிய வாசர். நான் கண்ணாடியைச் சரிசெய்வதற்குள் போனை வேறு பக்கம் திருப்பிவிட்டான். வருகிற மாதம் பரிசோதகர் வந்து பார்ப்பாராம். அவர் ஒவ்வொரு வாசரையும் கழற்றிப் பார்க்க மாட்டாராம். அனுமதி கிடைத்து, தான் கொஞ்ச நாள் தனியே ஓட்டிப் பார்த்ததும், முதலில் ஏறப்போவது பன்னிரண்டு வயது மகள்தானாம். நான் நல்லது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. ஒரு வாசரைப் பார்த்து ஏன் ஒரு கிழவன் இப்படிக் கலங்க வேண்டும் என்று கேட்டால், அதற்கு ஸ்கந்தபுரத்துக் காற்றாடியைச் சொல்ல வேண்டும்.

நான் பிட்டர், இயந்திரம் பூட்டித் திருத்துகிறவன். வாகனத் திருத்தகம் ஒன்றில் ஆறு வருடம் எண்ணெயில் ஊறிப் பழகி, பிறகு கிளிநொச்சியில் தண்ணீர்ப் பம்பி திருத்துகிற அரசாங்க வேலைக்கு வந்து, அதிலேயே ஓய்வு பெற்றவன். என் கை சுத்தம் என்று ஊரில் பெயர். அந்தப் பெயரால் எனக்கு வந்த கொழுப்பும் கொஞ்சம் இல்லை. தொண்ணூற்றாறில் கிளிநொச்சி முழுக்க இடம்பெயர்ந்தபோது எங்கள் திருத்தகமும் ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி ஸ்கந்தபுரத்துக்குப் போனது. ஒரு பாலை மரத்தின் கீழே கிடுகுக் கொட்டில். அதுதான் அலுவல் பார்க்கிற கந்தோர், அதுதான் பட்டறை.

எங்கள் ரீ.ஓ., அதாவது தொழில்நுட்ப உத்தியோகத்தர், சதானந்தன் சேர். என்னைவிட ஏழு வயது இளையவர். ஈர்க்குப் போல உடம்பு, எந்த இடப்பெயர்விலும் கசங்காத வெள்ளைச் சேட்டு. ஆட்டுக்குட்டியைத் துரத்துவதென்றாலும் ‘போங்கோ’ என்றுதான் சொல்வார். கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் உயரும், அவருக்கு இறங்கும். நன்றாகச் செய்தாய் என்று அவர் வாயால் ஒருவரும் கேட்டதில்லை. மிஞ்சிப் போனால் “பிழையில்லை.” அதற்காக நாலு நாள் வேலை செய்யலாம் போலிருக்கும். ஆனால் தொடக்கத்தில் எனக்கு அந்த மனிதரைக் கண்ணில் காட்டக் கூடாது. என் தம்பி வயதுக்காரர் என்னைப் பார்த்து “அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ” என்று ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொன்னால் யாருக்குத்தான் எரியாது?

அந்தப் பொறுங்கோவுக்கு அவரிடம் ஒரு சட்டமே இருந்தது. துளை போடுகிற இடத்தில் ஆணியால் புள்ளி குத்தியதும் எழும்பிவிட வேண்டும். போய் ஒரு பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணீர் குடிக்க வேண்டும். திரும்பி வந்து முதலிலிருந்து அளக்க வேண்டும். புள்ளி அதே இடத்தில் விழுந்தால் மட்டும் துளைக்கலாம். குத்தின கண் தன் பிழையைத் தானே காணாது, அதற்குக் கொஞ்ச நேரம் வேறு வேலை கொடுக்க வேண்டும் என்பார். எனக்கு அது சோம்பல் பிடித்த பஞ்சிக்காரர் வேலையாகத் தெரிந்தது.

அது பொருளாதாரத் தடைக்காலம். மண்ணெண்ணெய் மருந்து மாதிரி. பம்பி எல்லாம் கோழி அடையும் சாமானாகிவிட்டது. எங்களிடம் சண்டைக்கு முன்பே கொழும்பிலிருந்து வந்த காற்றாடிப் பம்பி ஒன்று, பூட்டப்படாமல், துண்டு துண்டாகக் கிடந்தது. கோபுரச் சட்டங்கள், நடுச் சில்லு, தண்டு, வால் எல்லாம் தப்பி வந்துவிட்டன. ஆறு செட்டைகள் மட்டும் இடப்பெயர்வில் போய்விட்டன. சேர் ஒரு கிழமை சைக்கிளில் திரிந்து, தென்மேற்கிலிருந்து வீசுகிற சோளகக் காற்றை மறிக்க மரம் இல்லாத காணி ஒன்று கண்டுபிடித்து வந்தார். மாரியக்காவின் காணி.

மாரியக்கா மலையகத்து ஆள். எழுபத்தேழுக் கலவரத்தில் பதுளைப் பக்கத்திலிருந்து பெட்டியும் சட்டியுமாக வந்து, காடு வெட்டிக் குடியேறியவர். புருசன் மலேரியாவில் போய்விட்டார். மகளும் தானுமாகச் சிறுபோகத்துக்கு இரண்டாயிரம் மிளகாய்க் கன்று வைத்திருந்தார். வாளியால் அள்ளி இரண்டாயிரம் கன்றுக்கு ஊற்றுவதென்றால் எவ்வளவு கஷ்டம் என்று அள்ளியவனுக்குத்தான் தெரியும். போதாததற்கு, இடம்பெயர்ந்து வந்து அயலில் கொட்டில் போட்டிருந்த பதினாலு குடும்பத்துக்கும் அந்தக் கிணறுதான். அவர் ஒருவரையும் மறிக்கவில்லை. கன்றுகள் பூக்கத் தொடங்கியிருந்தன. இன்னும் இரண்டு கிழமைக்குள் நீர் ஒழுங்காகப் பாயாவிட்டால் பூ முழுக்கக் கொட்டிவிடும். அந்த வருடத்துக்கு அவர்களுக்கு வேறு பயிரும் இல்லை, வழியும் இல்லை.

செட்டைக்குத் தகரம் எங்கே? சேர் சொன்ன கணக்கு இது. ஒரே தார் பீப்பாயை நெடுக்காக ஆறாகப் பிளந்தால் ஆறு செட்டை வரும். ஒரே பீப்பா என்றபடியால் வளைவும் ஒன்றாக இருக்கும், தடிப்பும் ஒன்றாக இருக்கும். ஊரில் நசுங்காத பீப்பா ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது மாரியக்கா குடிதண்ணீர் நிரப்பி வைத்திருந்த பீப்பா. கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. அவரே தண்ணீரைக் கன்றுக்கு ஊற்றிவிட்டு உருட்டிக்கொண்டு வந்தார். “இத வெட்டிக்குங்க ஐயா. தண்ணி வந்தாப் பானையில ஊத்திக்கலாம்.”

உளியாலும் சுத்தியலாலும் பிளந்தோம். அரத்தால் விளிம்பு தீட்டினோம். கூட்டுறவுச் சங்கக்கடைத் தராசில் ஒன்றோடொன்று வைத்து நிறுத்தோம். கூடினதை அரத்தால் குறைத்தோம். நிவாரண மாவுக்கு நின்ற சனம், இந்த முறை தகரமும் தருகிறார்களோ என்று கேட்டது.

பிறகு நேர்பிடிக்கிற வேலை. சில்லை முற்றத்தில் நாலு மரக்குற்றியில் படுக்கவைத்து, தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயால் மட்டம் பார்த்தோம். நடுவிலிருந்து செட்டை நுனிக்குத் தூரம் அளக்க சேர் அளவுநாடா பாவிக்க விடமாட்டார். நாடா இழுக்கிற கைக்கு ஏற்ற மாதிரிக் கதை சொல்லும், தடி சொல்லாது என்பார். ஒரு தடியில் வெட்டுப் போட்டு ஆறுக்கும் அதே தடி. நுனிக்கு நுனி தங்கூசி நூல் பிடித்து ஆறு இடைவெளியும் ஒன்றா என்று பார்ப்போம். காற்றுக்குக் கொடுக்கிற சரிவுக்கு முதிரைப் பலகையில் ஒரு அச்சு. கடைசியாக, நிலத்தில் தடி நட்டு அதன் தலையில் ஒரு தென்னை ஈர்க்கைக் கட்டி, சில்லை மெல்லச் சுற்றுவோம். ஆறு நுனியும் அந்த ஈர்க்கைத் தடவிக்கொண்டு போக வேண்டும். தள்ளவும் கூடாது, தொடாமல் விடவும் கூடாது. அது சரிவந்த பிறகுதான் வெளிப்பக்கத் துளை. உள்பக்கத் துளை நடுச் சில்லில் ஏற்கெனவே இருக்கும். வெளித்துளைதான் செட்டையின் தலையெழுத்து.

மூன்று செட்டை சட்டப்படி முடிந்தது. நாலாவதற்குப் புள்ளி குத்திய நேரம் சேரை மாவட்ட அரசாங்கக் கந்தோரான கச்சேரியில் கூப்பிட்டார்கள். “அண்ணை, தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போடுங்கோ” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார். கொட்டிலில் தேயிலை முடிந்திருந்தது. இருபது வருடம் துளை போட்டவனுக்கு இந்தச் சின்னப் பெடியன் தேத்தண்ணிப் பாடம் எடுக்கிறானோ என்று எனக்குள் ஒரு புகைச்சல். துளைப்பானைப் பிடித்துச் சுற்றினேன். போட்டு முடித்து ஈர்க்கைத் தடவிப் பார்த்தால், நுனி ஈர்க்கைத் தள்ளிக்கொண்டு போகிறது. நெருப்புக்குச்சித் தடிப்பு விலகிவிட்டது.

வேறு தகரம் இல்லை. அந்த ஒரே பீப்பா. என்ன செய்தேன் தெரியுமா? வட்ட அரத்தால் துளையை ஒரு பக்கம் இழுத்து முட்டை வடிவாக்கி, செட்டையைச் சரியான இடத்துக்குத் தள்ளி, போல்ட்டைப் போட்டு, துளை வெளியே தெரியாமல் ஒரு பெரிய வாசரால் மூடி இறுக்கினேன். முட்டைத் துளையில் போல்ட்டு அசைந்து அசைந்து ஒரு நாள் செட்டை கழன்றுவிடலாம். சேர் வந்து, மற்ற இரண்டையும் முடித்த பிறகு ஈர்க்கு வைத்துப் பார்த்தார். ஆறும் தடவியது. “பிழையில்லை” என்றார். வாழ்க்கையில் அந்தச் சொல் இனிக்காத நாள் அதுதான்.

அடுத்த இரண்டு நாளில் கோபுரம் எழும்பியது. சோளகம் வந்து முட்ட, சில்லு சுற்றி, குழாயால் தண்ணீர் வந்தது. மாரியக்கா முதல் வாளியைக் கையில் ஏந்தி முகத்தில் அடித்துக்கொண்டு அப்படியே வாய்க்கால் ஓரம் குந்திவிட்டார். சேர் மட்டும் சிரிக்கவில்லை. மூன்று நாள் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும், அதுவரை கோபுரத்துக்குக் கிட்ட ஒரு குஞ்சு குருமானும் வரக்கூடாது என்று கயிறு கட்டினார். தண்ணீர் அள்ள வருகிற சனத்துக்கு வாய்க்காலைத் தூரத்துக்கு வெட்டி விட்டார். தான் மட்டும் கந்தோர்க் கதிரையைக் கொண்டுவந்து கோபுரத்தின் கீழே போட்டு, காலையிலிருந்து பொழுது சாயும் வரை அங்கேயே இருந்தார். எனக்குக்கூட அங்கே இடம் இல்லை. பெரிய மனிசத்தனம் காட்டுகிறார் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே அந்த நாலாம் செட்டையைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் ஹெலி ஒன்று வந்து இரண்டு தரம் சுற்றிப் போனது. சனம் பங்கருக்குள்ளிருந்து எழும்பி நேரே மாரியக்காவிடம் வந்தது. புதுசாய் அடித்த காவிப் பெயின்ற் வெயிலுக்கு மினுங்குகிறது, வாலும் செட்டையுமாக மேலிருந்து பார்த்தால் பிளேன் நிற்கிற மாதிரித்தான் இருக்கும், உன்னுடைய மிளகாய்க்காக நாங்கள் சாகவோ, கழற்று என்று சத்தம். சனத்திலும் பிழை இல்லை. பயம் அப்படி. சேர் எழும்பி வந்து, நாளைக்கு ஒரு முடிவு சொல்கிறேன் என்று குரலை இறக்கிச் சொன்னார். கலைந்து போனார்கள்.

அடுத்த நாள் நிவாரண நாள். சில்லைக் கயிற்றால் கட்டிவிட்டு நாங்கள் எல்லாரும் சங்கக்கடைக்குப் போய், மத்தியானம் கழித்து வந்தோம். சேர் கதிரையில் அமர்ந்து கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். காற்று நல்ல காற்று. சில்லு வேகம் எடுத்ததும் கோபுரம் நடுங்கத் தொடங்கியது. நாலு காலும் வெறிகாரன் மாதிரி ஆடியது. ஒரு நட்டுக் கழன்று சேரின் கதிரைக்குப் பக்கத்தில் விழுந்தது. அந்த மனிதர் ஓடவில்லை. வாலை மடக்குவதற்கு விட்டிருந்த கயிற்றைப் பிடித்துத் தொங்கி, வாலை மடக்கி, சில்லைக் காற்றிலிருந்து திருப்பி நிறுத்தினார். உள்ளங்கை இரண்டும் உரிந்துவிட்டது.

நான் தடுப்புக் கயிற்றுக்கு வெளியே கல்லாய் நின்றேன். நாலாம் செட்டை கழன்றிருந்தால் நேரே அவர் தலையில்தான். அது என் தலையில் விழக் கூடாதா என்று அப்போது உண்மையாகவே நினைத்தேன்.

“சேர், அது என்ர பிழை” என்றேன். “நாலாம் செட்டை. துளை விலகிப்போட்டுது. நான் அராவி வாசரால மூடிப்போட்டன்.”

அவர் வாய் திறக்க முன்பே என் பின்னாலிருந்து மாரியக்காவின் குரல். “இல்லங்க ஐயா, நான்தான் கெடுத்தேன். மினுங்குதுன்னு கழட்டச் சொல்றாங்களேன்னு, நீங்க போன நேரம் மேல ஏறிச் சாணியும் மண்ணும் பூசிட்டேன். எட்டின மூணுலதான் பூச முடிஞ்சுது.”

சாணி காயாத முழங்கைகளைக் காட்டினார். இருபத்தைந்து அடி ஏணியில் சாணிச் சட்டியோடு ஏறியிருக்கிறார். காவிப் பெயின்றுக்கும் அந்தச் செம்மண்ணுக்கும் கீழே நின்று பார்த்தால் நிற வித்தியாசம் தெரியாது. தராசில் வைத்து நூல் பிடித்து நாங்கள் ஒப்பமாக்கின ஆறு செட்டையில், மூன்று செட்டை இப்போது ஆளுக்கு ஒரு கிலோ மண் சுமந்துகொண்டிருந்தன. சில்லு ஆடாமல் என்ன செய்யும்?

சேர் கைகளை வாய்க்காலில் கழுவினார். ஏசப் போகிறார் என்று இரண்டு பேரும் நின்றோம். அவர் மாரியக்காவிடம், மினுங்காமல் இருக்க மண் நல்ல யோசனைதான், எனக்குத்தான் தோன்றவில்லை, ஆனால் ஆறுக்கும் ஒரே அளவாகப் பூச வேண்டும் என்றார். அவ்வளவுதான். மாரியக்கா அழுதுகொண்டே சிரித்தார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார். குரல் மிகவும் இறங்கியிருந்தது.

“முதல் நாளே கண்டனான் அண்ணை. மற்ற அஞ்சுக்கும் சின்ன வாசர். அதுக்கு மட்டும் பெரிசு.”

“பிறகேன் சேர் சொல்லேல்லை?”

“நான் பிடிச்சுச் சொன்னா அடுத்ததை இன்னும் வடிவா மறைப்பியள். நீங்களாச் சொன்னா அடுத்தது இராது.” ஈரக் கையை உதறினார். “அதுவரைக்கும் கீழ நான் இருந்தாச் சரிதானே.”

நாலு நாளாக அந்த மனிதர் ஏன் அந்தக் கதிரையில் இருந்தார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நாற்பத்தொரு வயதில், சனம் பார்க்க அழுதேன்.

அடுத்த நாள் நாலாம் செட்டையைக் கீழே இறக்கினோம். பழைய பூட்டுத் தகடு ஒன்றை அந்த முட்டைத் துளைக்கு உள்ளே ஒட்டாக வைத்து, தங்கூசி, அச்சு, ஈர்க்கு எல்லாம் முதலிலிருந்து. புள்ளி குத்தியதும் நானாகவே எழும்பிப் போனேன். தேயிலை இன்னும் வரவில்லை. வெறும் சுடுதண்ணீரைப் பனங்கட்டியோடு குடித்துவிட்டு வந்து அளந்து போட்டேன். மாரியக்கா மூன்று செட்டையையும் கழுவிவிட்டு, அரிசி அளக்கிற சுண்டுப் பேணியால் ஆறுக்கும் ஒவ்வொரு சுண்டு மண் அளந்து பூசினார். சேர் பக்கத்தில் நின்று சுண்டின் வாயைத் தடியால் வழித்து விட்டார். சில்லு திரும்பவும் ஏறியது. ஆட்டம் இல்லை, மினுக்கம் இல்லை. அயலவர்களும் அதன் பிறகு கழற்றச் சொல்லவில்லை. அந்தப் போகம் மிளகாய் பிழைத்தது. எங்கள் கொட்டிலுக்கு ஒரு பை செத்தல் மிளகாய் வந்தது. நாங்கள் ஒரு மாதம் தும்மித் தும்மி வேலை செய்தோம்.

சேர் பிறகு வவுனியாவுக்கு மாற்றலாகிப் போனார். எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

கஜனுக்கு வருகிறேன். மூன்று நாளாகப் பொறுத்துப் பார்த்தேன். அவனாகச் சொல்லட்டும், அதுதான் சேர் காட்டிய முறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்று விடியத்தான் மண்டையில் ஏறியது. சேர் சும்மா பொறுக்கவில்லை. கோபுரத்தின் கீழே தன் கதிரையைப் போட்டுக்கொண்டு பொறுத்தார். நான் கிளிநொச்சியில் சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டு பொறுக்கிறேன். செட்டை கழன்றால் விழப்போவது என் தலையில் இல்லை. பொறுக்கிற உரிமை எனக்கு ஏது?

போனை எடுத்தேன். அவனுக்கு அப்போது இரவுச் சாப்பாட்டு நேரம். சுகம் விசாரிக்கவில்லை.

“மருமோன், இடப்பக்கத்து வாசர் ஏன் பெரிசாக் கிடக்கு?”

பின்னால் பிள்ளை ஏதோ கேட்க, அம்மாவிடம் போகச் சொன்னான்.

“கண்டிட்டியளே மாமா” என்றான். நாலு வருட வேலையாம். துளை கொஞ்சம் விலகியதால் அராவி, வாசரால் மூடினானாம். செட்டையின் பின்பக்கச் சட்டத்தையே மாற்றுவதென்றால் இன்னும் ஆறு மாதம் போகுமாம். மகளிடம் நாள் சொல்லிவிட்டானாம்.

சேரின் கதையைச் சொன்னேன். கடைசியில் மகளைக் கூப்பிட்டு, இந்த வருடம் பறக்க முடியாது, அப்பா ஒரு பிழை விட்டுவிட்டேன் என்று தானே சொன்னான். பிள்ளை என்ன பிழை என்று கேட்டது. வா, காட்டுகிறேன் என்று கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

எனக்கும் காட்டு, போனை வைக்காதே என்றேன். சாவி தேடினான், விளக்குப் போட்டான், குனிந்தான். பிள்ளை போனைப் பிடித்துக்கொண்டு நின்றது. படம் ஆடியது. அந்தப் பெரிய வாசர் கழன்று சீமெந்துத் தரையில் விழுந்து உருளுகிற சத்தம் கேட்கும் வரைக்கும் நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.